செடி தன் சூழலுக்கு எப்படிப் பதில் சொல்கிறது: விதை முதல் காய் வரை நீங்களே பார்த்து அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

வெயில் சுட்டால் விலங்கு நிழலுக்கு ஒதுங்கிவிடும். நீர் வற்றினால் வேறு இடம் தேடிப் போகும். வேரூன்றிவிட்ட செடிக்கு அந்த வழி கிடையாது. ஆகவே வெளிச்சம், ஈரம், புவியீர்ப்பு, காற்று, பக்கத்துச் செடி, பூச்சி என எதை எதிர்கொண்டாலும், அதற்குச் செடி தரும் பதில் பெரும்பாலும் வளர்ச்சியாகவே வெளிப்படுகிறது. எந்தப் பக்கம் நீள்வது, எதைத் தடிப்பாக்குவது, எந்த இலையைக் கைவிடுவது, எப்போது பூப்பது என்பவை அனைத்தும் அது சூழலை உணர்ந்து எடுக்கும் முடிவுகள். இந்தக் கண்ணோட்டத்தோடு பார்க்கப் பழகினால், ஒரு செடியின் உருவத்தை வைத்தே அது எந்தச் சூழலில் வளர்ந்தது என்று சொல்ல முடியும்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் பீன்ஸ் செடி ஒன்றையே பின்தொடர்கிறது. அதன் விதை பெரியது, விரைவாக முளைக்கும், முளைக்கும்போது விதையிலைகள் மண்ணுக்கு மேலே வருவதால் ஒவ்வொரு மாற்றமும் கண்ணுக்குத் தெரியும். இலைகள் இரவில் தொங்குவதையும், வேரில் முடிச்சுகள் உருவாவதையும் இதே செடியில் பார்த்துவிடலாம்.

தொடங்குவதற்கு முன்

தேவையானவை சில பீன்ஸ் விதைகள், கொஞ்சம் கோதுமை அல்லது ஓட்ஸ் விதைகள், அடியில் வடிகால் துளை உள்ள சிறு தொட்டிகள், கண்ணாடித் தம்ளர்கள், மை உறிஞ்சும் தாள், அளவுகோல், சிறு தராசு, ஒரு குறிப்பேடு. இவற்றைவிட முக்கியமானது ஓர் ஒழுங்கு: ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இருட்டில் வைத்த தொட்டிக்குக் குறைவாக நீர் ஊற்றிவிட்டால், செடியில் தெரியும் வேறுபாடு இருட்டால் வந்ததா, வறட்சியால் வந்ததா என்று சொல்ல முடியாமல் போகும். எதையும் மாற்றாத தொட்டி ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். விதைக்கு விதை இயல்பாகவே வேறுபாடு உண்டு என்பதால், ஒரு நிலைமைக்கு ஐந்தாறு விதைகளாவது இட வேண்டும். ஒற்றைச் செடியை வைத்து எடுக்கும் முடிவை நான் நம்பமாட்டேன்.

முதல் படி: விதை விழிப்பதைப் பார்த்தல்

உலர்ந்த பீன்ஸ் விதையில் ஈரம் பொதுவாக 10 முதல் 15 சதவீதமே இருக்கும். விதைகளை எடை போட்டு, நீரில் ஊறவைத்து, மறுநாள் துடைத்து மீண்டும் எடை போடுங்கள். எடை ஏறத்தாழ இருமடங்காகியிருக்கும். இந்த நீர் உறிஞ்சல் வெறும் இயற்பியல் நிகழ்வு. உயிரற்ற விதையும் இதே போல் உப்பும். எனவே விதை உப்பியதை முளைப்பின் தொடக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. நீர் புகுந்த பிறகு உயிருள்ள விதையில் சுவாசம் வேகமெடுக்கிறது, நொதிகள் செயல்படத் தொடங்குகின்றன, சேமித்து வைத்த மாவுச்சத்தும் புரதமும் கரையும் பொருள்களாக உடைந்து வளரும் முனைகளுக்குப் போய்ச் சேருகின்றன. தானிய விதைகளில் இந்த ஏற்பாடு மிகத் தெளிவானது: கரு ஜிப்ரெல்லின் என்னும் வளர்ச்சிப் பொருளை வெளியிட, விதையின் வெளி அடுக்கு அதை உணர்ந்து மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் நொதியைச் சுரக்கிறது.

சுவாசம் நடக்க ஆக்சிஜன் வேண்டும். ஊறிய விதைகளில் சிலவற்றை ஈரத் தாளிலும், சிலவற்றை நீரில் முழுக மூழ்கவிட்டும் வைத்தால், மூழ்கியவை பெரும்பாலும் முளைக்காமல் அழுகும். வெப்பமும் அளவாக இருக்க வேண்டும். பீன்ஸுக்கு 20 முதல் 30 பாகை செல்சியஸ் ஏற்றது, 10 பாகைக்குக் கீழே அது அநேகமாக முளைப்பதே இல்லை.

பீன்ஸ் முளைக்க வெளிச்சம் தேவையில்லை. ஆனால் லெட்யூஸ் போன்ற மிகச் சிறிய விதைகள் சில, வெளிச்சத்தைப் பார்த்த பிறகே முளைக்கும். 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் லெட்யூஸ் விதைகள் மீது சிவப்பு ஒளியையும் தொலைசிவப்பு ஒளியையும் (நிறமாலையில் சிவப்புக்கு அடுத்து, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) மாறி மாறிப் பாய்ச்சியபோது, கடைசியாகப் பட்டது எந்த ஒளியோ அதுவே முடிவைத் தீர்மானித்தது: சிவப்பு என்றால் முளைத்தன, தொலைசிவப்பு என்றால் முளைக்கவில்லை. இதைச் செய்யும் நிறமிக்குப் பின்னர் ஃபைட்டோகுரோம் என்று பெயரிடப்பட்டது. இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விடுவதால், தலைக்கு மேலே வேறு செடிகளின் நிழல் இருக்கிறதா என்பதை மண்ணின் மேற்பரப்பில் கிடக்கும் சிறு விதை இந்நிறமியைக் கொண்டு அறிகிறது. சேமிப்பு குறைவான விதைக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி.

இரண்டாம் படி: வேர் கீழ்நோக்கிப் போவது எப்படி

கண்ணாடித் தம்ளரின் உட்சுவரை ஒட்டி ஈரத் தாளைச் சுருட்டி வைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஊறிய விதைகளைச் செருகுங்கள். ஒவ்வொரு விதையும் வெவ்வேறு பக்கம் பார்த்து இருக்கட்டும். எப்படி வைத்தாலும் முளைவேர் வளைந்து கீழே இறங்கும். தண்டு மேலே ஏறும்.

வேர் ஓரிரு சென்டிமீட்டர் நீண்டதும், நுனியிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு மெல்லிய மைக்கோடு இடுங்கள். மறுநாள் பார்த்தால் மேலே உள்ள கோடுகள் இட்ட இடைவெளியிலேயே இருக்கும். நுனிக்குச் சற்றுப் பின்னே, சில மில்லிமீட்டர் நீளப் பகுதியில் உள்ள கோடுகள் மட்டும் வெகுதூரம் விலகிப் போயிருக்கும். வேர் தன் முழு நீளத்திலும் இழுபட்டு வளர்வதில்லை, அந்தச் சிறு பகுதியில்தான் நீள்கிறது என்பதை இவ்வளவு எளிமையாகக் காட்டும் சோதனை வேறில்லை. இப்போது தம்ளரைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். சில மணி நேரத்தில் வேர் மீண்டும் கீழ்நோக்கி வளையும். வளைவு விழுவதும் அதே நீளும் பகுதியில்தான்.

திசையை உணர்வது ஓர் இடம், வளைவது வேறோர் இடம். வேரின் நுனிமூடியில் உள்ள சில செல்களுக்குள் கனமான மாவுச்சத்துத் துகள்கள் இருக்கின்றன. வேர் சாய்ந்தால் அவை செல்லின் புதிய அடிப்பக்கத்தில் போய்ப் படிகின்றன. அதைத் தொடர்ந்து ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் வேரின் கீழ்ப்பக்கம் அதிகமாகச் சேருகிறது. வேரில் ஆக்சின் மிகுந்தால் நீட்சி தடைபடும். மேல்பக்கம் மட்டும் நீள்வதால் வேர் கீழே வளைகிறது. தண்டில் அதே ஆக்சின் நீட்சியைத் தூண்டுவதால் தண்டு மேலே வளைகிறது. ஒரே பொருள், இரண்டு உறுப்புகளில் எதிரெதிர் விளைவு.

உணரப்படுவது புவியீர்ப்புதான் என்பதை 1806-இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் காட்டினார். நீரோட்டத்தால் சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டி முளைக்கவிட்டபோது, வேர்கள் சக்கரத்தின் வெளிப்பக்கம் நோக்கியும் தண்டுகள் மையம் நோக்கியும் வளர்ந்தன. சுழற்சியின் விசை ஈர்ப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் படி: இருட்டும் வெளிச்சமும்

இரண்டு தொட்டிகளில் விதைத்து, ஒன்றை வெளிச்சத்திலும் மற்றொன்றை முழு இருட்டிலும் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு நீர், ஒரே வெப்பம். ஒரு வாரம் கழித்து இருட்டுத் தொட்டியில் உள்ளவை வெளிறி, நீண்டு, மெலிந்து நிற்கும். இலைகள் விரியாமல் சிறுத்திருக்கும். தண்டின் முனை கொக்கிபோல் வளைந்தே இருக்கும். வெளிச்சத்தில் வளர்ந்தவை குட்டையாக, பச்சையாக, இலை விரித்து நிற்கும்.

இருட்டில் செடி ‘நன்றாக வளர்ந்திருக்கிறது’ என்று நீளத்தைப் பார்த்துச் சொல்வோர் உண்டு. இரண்டு தொட்டிச் செடிகளையும் வேரோடு எடுத்துக் கழுவி, நன்கு உலர்த்தி எடை போட்டால் உண்மை தெரியும்: இருட்டில் வளர்ந்தவற்றின் உலர் எடை விதையின் உலர் எடையைவிடவும் குறைந்திருக்கும், ஏனெனில் சேமிப்பைச் சுவாசித்துச் செலவிட்டதைத் தவிர அவை எதையும் ஈட்டவில்லை. நீண்டது எல்லாம் நீரால் செல்கள் விரிந்ததால். ஆனாலும் இது நோய் அன்று. மண்ணுக்கடியில் இருக்கும் முளைக்கு இதுவே சரியான வழி: இலைக்கும் பச்சையத்துக்கும் செலவிடாமல், கொக்கி வளைவால் முனையைக் காத்தபடி, வெளிச்சத்தை எட்டும்வரை நீள்வது. இருட்டுத் தொட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். கொக்கி நிமிர்வதையும் பச்சை ஏறுவதையும் அன்றே காணலாம்.

ஒளி ஒரு பக்கத்திலிருந்து வரும்போது என்ன நடக்கும் என்பதற்குக் கோதுமை அல்லது ஓட்ஸ் முளையே சிறந்தது. முளைகளை ஒரு பெட்டிக்குள் வைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் சிறு துளையிடுங்கள். சில முளைகளின் நுனிக்கு மட்டும் ஒளி புகாத சிறு அலுமினியத் தாள் தொப்பி அணிவியுங்கள். தொப்பியில்லாதவை துளையை நோக்கி வளையும். தொப்பியுள்ளவை நேராகவே நிற்கும். வளைவு நுனிக்குக் கீழே விழுகிறது, ஒளியை உணர்வதோ நுனி. சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-இல் வெளியிட்ட முடிவு இதுவே. நுனியிலிருந்து கீழே இறங்கும் செய்தி ஒரு வேதிப்பொருள் என்பதை 1920-களின் பிற்பகுதியில் ஃபிரிட்ஸ் வெண்ட் ஓட்ஸ் முளைகளைக் கொண்டே நிறுவினார், அதுதான் ஆக்சின். துளையின் மேல் நீலக் கண்ணாடித் தாளும், வேறொரு பெட்டியில் சிவப்புத் தாளும் ஒட்டிப் பார்த்தால், வளைவைத் தூண்டுவது முக்கியமாக நீல ஒளி என்பதும் தெரியும்.

நான்காம் படி: உடல் எதிலிருந்து வருகிறது

செடி மண்ணைத் ‘தின்று’ வளர்கிறது என்ற எண்ணம் இன்றும் பரவலாக உள்ளது. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வாளர் வான் ஹெல்மாண்ட், ஏறத்தாழ 90 கிலோ உலர்ந்த மண்ணில் 2 கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரம் 70 கிலோவுக்கும் மேல் கூடியது. மண்ணின் எடையோ 60 கிராம்கூடக் குறையவில்லை. 1648-இல் வெளியான இந்தச் சோதனையிலிருந்து அவர் மரம் முழுவதும் நீரால் ஆனது என்று முடிவு செய்தார். மண் அன்று என்பதில் அவர் சரி. காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. செடியின் உலர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு கார்பன். அது காற்றில் ஏறத்தாழ 0.04 சதவீதமே உள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து, ஒளியின் ஆற்றலைக் கொண்டு எடுக்கப்படுகிறது. பச்சைப் பகுதிகள் வெளிச்சத்தில் மட்டுமே ஆக்சிஜனை வெளியிடுகின்றன என்பதை 1779-இல் இங்கன்ஹவுஸ் கண்டறிந்தார்.

இதை இலையிலேயே காணலாம். செடியை ஒன்றிரண்டு நாள் இருட்டில் வைத்து இலையில் உள்ள மாவுச்சத்தைத் தீர்த்துவிடுங்கள். பிறகு ஓர் இலையின் நடுவே கறுப்புத் தாள் பட்டையைக் கவ்விவைத்து, செடியைப் பகல் முழுதும் நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். மாலையில் அந்த இலையைப் பறித்துக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, பின்னர் ஆல்கஹால் உள்ள சிறு குவளையில் இட்டு, அந்தக் குவளையை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துப் பச்சையத்தைக் கரைத்தெடுங்கள். ஆல்கஹால் தீப்பற்றும், அருகில் நெருப்பு எதுவும் கூடவே கூடாது, வெந்நீரை முன்கூட்டியே காய்ச்சி அடுப்பை அணைத்துவிட வேண்டும். வெளுத்த இலையை அலசி அயோடின் கரைசல் ஊற்றினால், ஒளிபட்ட பகுதி கருநீலமாகும். பட்டைக்கு அடியில் இருந்த பகுதி பழுப்பாகவே நிற்கும்.

ஐந்தாம் படி: நீரும் இலைத்துளையும்

கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர இலைத்துளை திறந்திருக்க வேண்டும். திறந்தால் நீராவி வெளியேறும். வேர் எடுக்கும் நீரில் 90 சதவீதத்துக்கும் மேல் இப்படியே போய்விடுகிறது. செடியின் வாழ்க்கையில் இதைவிடக் கடினமான பேரம் எனக்குத் தெரிந்து வேறில்லை. துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்கள் பொட்டாசியத்தை உள்வாங்கி நீரேறிப் புடைக்கும்போது துளை திறக்கும். வறட்சியில் அப்சிசிக் அமிலம் என்னும் பொருள் பெருகி, பொட்டாசியம் வெளியேறி, துளை மூடும். மூடிய துளை நீரைக் காக்கும், ஆனால் உணவு உற்பத்தியையும் நிறுத்தும். நீடித்த வறட்சியில் செடி குட்டையாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீர் எந்தப் பக்கமாக வெளியேறுகிறது என்றறிய, ஒரே அளவுள்ள நான்கு பீன்ஸ் இலைகளைப் பறித்து, ஒன்றின் மேற்புறத்திலும், ஒன்றின் கீழ்ப்புறத்திலும், ஒன்றின் இருபுறமும் வாசலின் தடவி, ஒன்றை அப்படியே விட்டு, காம்பு முனைகளையும் வாசலினால் அடைத்து, நூலில் தொங்கவிட்டு அவ்வப்போது எடை பாருங்கள். கீழ்ப்புறம் அடைபட்ட இலை, மேற்புறம் அடைபட்டதைவிட மெதுவாக எடை இழக்கும். பீன்ஸில் இலைத்துளைகள் கீழ்ப்புறத்தில்தான் அதிகம்.

வாடல் கண்டவுடன் நீர் ஊற்றுவது பலரின் பழக்கம். நண்பகலில் வாடிய இலை, வேர் தரும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் கூடியதை மட்டுமே காட்டக்கூடும். மண் ஈரமாக இருந்தால் மாலைக்குள் தானே நிமிர்ந்துவிடும். எனவே பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை. அப்போதும் வாடியிருந்தால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மண் உலர்ந்திருந்தால் நீர் தேவை. மண் சதசதவென்று இருந்தால், காற்றில்லாமல் வேர் திணறுகிறது என்று பொருள்; அப்போது ஊற்றும் ஒவ்வொரு குவளையும் கேட்டையே கூட்டும்.

ஆறாம் படி: இலை நிறம் சொல்லும் செய்தி

செடிக்கு இன்றியமையாத தனிமங்கள் 17. அவற்றில் எது குறைகிறது என்பதை ஊகிக்க, மஞ்சளிப்பு எந்த இலையில் தொடங்குகிறது என்று பார்ப்பதே முதல் வேலை. நைட்ரஜன், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்து இளம் இலைக்கு அனுப்ப வல்லது. அதனால் அவற்றின் குறை அடியிலைகளில் முதலில் தெரியும். இரும்பையும் கால்சியத்தையும் அப்படி எளிதில் மாற்றி அனுப்ப முடியாது. அவற்றின் குறை கொழுந்தில் தெரியும். கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், இரும்பை நினைக்கலாம். ஆனால் மண்ணில் இரும்பு இல்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் கரையாமல் கிடக்கும். நீர் தேங்கிய மண்ணும் குளிர்ந்த மண்ணும் இதே அறிகுறிகளைத் தரும் என்பதால், உரப்பையை எடுக்குமுன் வேரைப் பார்க்க வேண்டும்.

வேரைப் பார்க்கும்போதே முடிச்சுகளையும் தேடுங்கள். முளைத்து மூன்று நான்கு வாரமான பீன்ஸ் செடியை மண்ணோடு நீரில் அமிழ்த்தி மெதுவாகக் கழுவினால், வேரில் சிறு உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்த நிறம், நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தால் வருவது. முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவமாக மாற்றித் தருகிறது; அதற்கு உதவும் நொதி ஆக்சிஜன் மிகுந்தால் கெட்டுவிடும் என்பதால், அப்புரதம் ஆக்சிஜனை அளவோடு கொடுக்கிறது. உள்ளே பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் முடிச்சு வேலை செய்யவில்லை. நைட்ரஜன் உரத்தைத் தாராளமாக இட்ட தொட்டியில் முடிச்சுகள் குறைவாக இருக்கும்: கையருகே கிடைக்கும்போது, பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து நைட்ரஜன் வாங்கச் செடி முன்வருவதில்லை. வெறுங்கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டும் உண்டு. தரைவாழ் தாவர இனங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் வேர்களோடு பூஞ்சை இழைகள் இணைந்து, வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸைக் கொண்டுவந்து தருகின்றன.

ஏழாம் படி: தொடுதல், அண்டை, பூச்சி

ஒரு தொட்டிச் செடிகளின் தண்டை நாள்தோறும் விரலால் சில முறை மென்மையாக நீவிவிடுங்கள், மற்றொன்றைத் தொடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் தொடப்பட்டவை குட்டையாகவும் தடித்தும் இருக்கும். காற்று செய்வதும் இதையே. இந்தப் பதிலுக்கு 1973-இல் மார்க் ஜாஃபி தனிப் பெயர் சூட்டினார். நாற்றுகளை அடைத்த அறையில் வளர்த்தவர்கள், அவற்றை வெளியே நடுமுன் காற்றில் பழக்குவது இதனால்தான். நெருக்கமாக விதைத்த தொட்டியில் நேர் எதிர் நடக்கும்: அண்டைச் செடிகளின் இலைகளில் பட்டுத் திரும்பும் தொலைசிவப்பு ஒளியை உணர்ந்து, நிழல் விழும் முன்பே செடிகள் உயரப் போட்டியிடும்.

பூச்சி கடித்தால் இலை வாளாவிருப்பதில்லை. ஜாஸ்மோனிக் அமிலம் பெருகி, செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்கள் உருவாகின்றன. லிமா பீன்ஸ் இலையைச் சிலந்திப்பேன் தாக்கும்போது, இலை வெளியிடும் மணப்பொருள்கள் அப்பேனைத் தின்னும் வேறு பேன்களை அழைத்துவருகின்றன.

எட்டாம் படி: நேரத்தை அறிதலும் காய்த்தலும்

மாலையில் பீன்ஸ் இலைகள் தொங்கும், காலையில் நிமிரும். இலைக்காம்பின் வீங்கிய கணுவில் நீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறுவதே இதற்குக் காரணம். செடியை இரண்டு நாள் தொடர்ந்து மங்கிய ஒளியில் வைத்தாலும் அசைவு நிற்காது. 1729-இல் டி மைரான், இரவில் இலை மூடும் ஒரு செடியை இருட்டில் வைத்து இதைக் கண்டார். செடிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது.

அந்தக் கடிகாரமும் ஃபைட்டோகுரோமும் சேர்ந்தே பல செடிகள் பூக்கும் காலத்தை முடிவு செய்கின்றன. பகலின் நீளம் பூத்தலைத் தீர்மானிக்கிறது என்று 1920-இல் கார்னரும் அல்லார்டும் காட்டினர். உண்மையில் அளக்கப்படுவது இரவின் நீளம் என்பது 1938-இல் மருளூமத்தைச் செடியில் தெளிவானது. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி பட்டாலே அது பூக்கவில்லை. செவ்வந்தி வளர்ப்போர் இரவில் விளக்கேற்றிப் பூப்பதைத் தள்ளிப்போடுவது இந்த அறிவைக் கொண்டுதான். உங்கள் செடி இலை தழைத்தும் பூக்காவிட்டால், அதன் மேல் இரவில் விளக்கொளி விழுகிறதா என்று பாருங்கள்.

காய் பிடித்த பிறகு ஒரு கடைசிச் சோதனை. சில செடிகளில் காய்களைப் பிஞ்சிலேயே பறித்துவிடுங்கள்; சிலவற்றில் முற்ற விடுங்கள். முற்றவிட்ட செடிகளின் இலைகள் விரைவில் மஞ்சளாகும், ஏனெனில் இலையில் உள்ள நைட்ரஜன் புரதமாக விதைக்குப் போகிறது. பறித்த செடிகள் நெடுநாள் பச்சையாக நின்று மீண்டும் மீண்டும் பூக்கும். காய்கறிக்காகப் பயிரிடுவோர் ஓரிரு நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். விதைக்காக வளர்ப்போர் சில செடிகளை முன்பே ஒதுக்கி, அவற்றில் ஒரு காயையும் தொடாமல், காய் காய்ந்து சலசலக்கும்வரை விட்டுவிட வேண்டும்.